நூலிழையில் நிற்கும் இடைத்தேர்தல்: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவில் ஏதாவது ஒரு காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) தொகுதிக்கு இடைத்தேர்தல் என்று அறிவித்தால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நம்ம ஆள் ஜெயிப்பாரா? இந்தக் கணிப்பை நம்பலாமா? பணம் அனுப்பலாமா? 2017-ல் ஜார்ஜியா மாநிலத்தின் 6-வது தொகுதி இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆஸாஃபுக்காக வீடு வீடாக நடந்தவள் நான். அவர் தோற்றார். தோற்றது கூடப் பரவாயில்லை. அந்தத் தோல்விக்கு நாங்கள் கொஞ்சமும் தயாராக இல்லாமல் இருந்தோமே, அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. அதனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். நீங்கள் எந்தக் கட்சிக்கு வேலை பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

அமெரிக்காவில் இடைத்தேர்தல் எப்போது வருகிறது?

நம் ஊர் மாதிரிதான். உறுப்பினர் இறந்துபோனாலோ, ராஜினாமா செய்தாலோ, வேறு பதவிக்குப் போனாலோ வரும். கீழவையான பிரதிநிதிகள் சபையில் காலியான இடத்துக்கு யாரையும் நியமிக்க முடியாது. ஆளுநர் தேர்தல் அறிவித்தே தீர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. மேலவையான செனட்டின் கதை வேறு. பல மாநிலங்களில் ஆளுநரே தற்காலிகமாக ஒருவரை உட்கார வைத்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது தேதியை. எல்லோரும் ஓட்டுப் போடும் நவம்பரில் வராமல், மார்ச்சிலோ ஜூனிலோ தனியாக ஒரு நாளில் வரும். அன்றைக்குத் தேர்தல் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. ஓட்டுப் போட வரப்போவது யார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத தேர்தல் இது. எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜார்ஜியா 6-ல் என்ன நடந்தது?

அட்லாண்டாவுக்கு வடக்கே காப், ஃபுல்டன், டிகால்ப் ஆகிய மூன்று கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்த புறநகர்த் தொகுதி. ராஸ்வெல், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், சாண்டி ஸ்பிரிங்ஸ் எல்லாம் அதில் வரும். படித்தவர்கள் அதிகம். ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா பக்கம் நம் ஆட்களும் நிறைய. 1979-லிருந்து அந்த இடம் குடியரசுக் கட்சியின் கையில்தான் இருந்தது. நியூட் கிங்ரிச், ஜானி ஐசக்சன், டாம் பிரைஸ் என்று மூன்றே பேர் வரிசையாக வைத்திருந்தார்கள்.

பிரைஸ் 2017 பிப்ரவரியில் டிரம்ப் அமைச்சரவைக்குச் சுகாதாரத் துறைச் செயலாளராகப் போனார். இடம் காலியானது. ஏப்ரல் 18 அன்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்கும் முதல் சுற்று. மொத்தம் 18 பேர். பாதிக்கு மேல் வாங்கினால் அன்றைக்கே முடிந்துவிடும். இல்லையென்றால் முதல் இரண்டு பேருக்கு இரண்டாம் சுற்று. முப்பதே வயதான ஆஸாஃப் 48.1 சதவீதம் வாங்கினார். குடியரசுக் கட்சி வாக்கு பலருக்கும் சிதறியதால், இரண்டாவதாக வந்த கேரன் ஹேண்டலுக்குக் கிடைத்தது 19.8 சதவீதம். ஜூன் 20 இரண்டாம் சுற்று. ஹேண்டல் 1,34,799 வாக்கு, ஆஸாஃப் 1,25,517 வாக்கு. சதவீதத்தில் 51.8-க்கு 48.2.

48 சதவீதம் வாங்கியவர் இன்னும் இரண்டு சதவீதம் சேர்க்க முடியாமலா போனார்?

எங்கள் எல்லோரையும் ஏமாற்றிய கேள்வி இது. இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

ஏப்ரல் 18 இரவு ஆஸாஃபுக்குப் பாதியைத் தாண்ட சுமார் 3,600 வாக்குதான் குறைந்தது. 48-க்கும் 20-க்கும் எவ்வளவு தூரம்! மலையின் உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அன்றைக்கே பக்கத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் எல்லோருடைய வாக்கையும் கூட்டினால் ஏறக்குறைய 49. குடியரசுக் கட்சிக்காரர்கள் எல்லோருடைய வாக்கையும் கூட்டினால் ஏறக்குறைய 51. எங்கள் பக்கத்து வாக்கு முழுக்க ஏற்கெனவே ஒருவர் பெயரில் சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து வாக்கு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஏப்ரலே சொல்லிவிட்டது. ஜூனில் வந்ததும் கிட்டத்தட்ட அதே எண்தான்.

இன்னொரு எண்ணும் சொல்கிறேன். 2016 நவம்பரில் இதே தொகுதியில் பிரைஸை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பிரச்சாரம் என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதிபர் தேர்தலோடு சேர்ந்து நடந்ததால் அவருக்கு 1,24,917 வாக்கு விழுந்தது. ஆஸாஃப் ஜூன் மாதத்துத் தனித் தேர்தலில் அதைவிடக் கொஞ்சம் கூடவே வாங்கினார். அதாவது, அதிபர் தேர்தலுக்கு வருகிற அளவு கூட்டத்தை எங்கள் பக்கம் வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்துவிட்டது. வேறெந்த இடைத்தேர்தலிலும் இதைச் சாதனை என்று கொண்டாடியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் பிரைஸ் வாங்கிய 2,01,088-லிருந்து 66,000-க்கும் மேல் இழந்தது. இழந்தும் ஜெயித்தது. அந்தத் தொகுதியில் அவர்களுக்கு அவ்வளவு கையிருப்பு இருந்தது. எங்களில் யாரும் தூங்கவில்லை, யாரும் சோம்பவில்லை. கணக்கு இடம் கொடுக்கவில்லை.

கருத்துக்கணிப்பில் முன்னிலை என்றார்களே?

ஜூன் தொடக்கத்தில் அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன் பத்திரிகையின் கணிப்பில் ஆஸாஃப் 51, ஹேண்டல் 44 என்று வந்தது. கடைசி வாரக் கணிப்புகள் இரண்டு பக்கமும் ஓரிரு சதவீதப் புள்ளிக்குள் நின்றன. எங்களுக்கு நினைவில் நின்றது அந்த 51 மட்டும்.

500 பேரைக் கேட்டு எடுக்கும் கணிப்பில் ஒரு வேட்பாளரின் எண் நாலரைப் புள்ளி வரை மேலேயோ கீழேயோ போகலாம். இரண்டு பேருக்கும் இடையிலான வித்தியாசம் அதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு ஆடலாம். மூன்று புள்ளி முன்னிலை என்று படித்தால், "தெரியவில்லை" என்று எழுதியிருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இடைத்தேர்தலில் இதோடு இன்னொன்றும் சேரும். யார் ஓட்டுப் போட வருவார்கள் என்று கணிப்பு நடத்துபவரே ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

கணிப்பு எப்போதும் நம் பக்கம் சாய்ந்தே தவறும் என்பதில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க்கின் 19-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் பேட் ரயன் பின்தங்கியிருப்பதாகத்தான் வெளிவந்த கணிப்புகள் சொல்லின. அவர் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அப்படியானால் நல்ல முடிவு எது, மோசமான முடிவு எது என்று எதை வைத்து அளப்பது?

முந்தைய தேர்தலில் தொகுதி எந்தக் கட்சிப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை வைத்து. எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதற்கே இரண்டு மூன்று பதில் இருக்கும் என்பதுதான் இதில் கஷ்டம்.

2016-ல் பிரைஸ் சுமார் 23 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதை அளவுகோலாக வைத்தால், மூன்றரைப் புள்ளியில் தோற்றது பிரமாதமான முன்னேற்றம். அதே நாள், அதே வாக்குச்சாவடிகளில் அதிபர் பதவிக்கான வாக்கைப் பாருங்கள். டிரம்ப் அங்கே ஹிலரி கிளின்டனைவிட ஒன்றரைப் புள்ளிதான் கூட வாங்கினார். அதை அளவுகோலாக வைத்தால் ஆஸாஃப் ஹிலரியைவிடக் கொஞ்சம் பின்னால் போய்விட்டார். இரண்டுமே உண்மையான அளவுதான். பிரைஸின் எண்ணில் பல தேர்தலாக இருந்தவருக்கே உரிய ஆதரவும் அடக்கம். டிரம்பின் எண்ணில், அவரைப் பிடிக்காமல் கட்சிக்கு மட்டும் ஓட்டுப் போடும் குடியரசுக் கட்சிக்காரர்களின் சலிப்பும் அடக்கம். நிஜம் நடுவில் எங்கேயோ இருந்தது. "டிரம்ப் இங்கே தடுமாறினார், ஆகவே இடம் நம்முடையது" என்று நாங்கள் ஓர் அளவுகோலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டோம்.

இப்போது அதே ஆண்டின் மற்ற மூன்று இடைத்தேர்தல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீராத இடம் இது. கான்சாஸ் 4-வது தொகுதியில் டிரம்ப் 27 புள்ளியில் ஜெயித்திருந்தார்; ஏப்ரல் 11 அன்று அவர் கட்சி சுமார் 6 புள்ளியில்தான் தப்பியது. மொன்டானாவில் டிரம்ப் 20 புள்ளி. மே 25 அன்று அதுவும் சுமார் 6 ஆனது. தென் கரோலினாவின் 5-வது தொகுதியில் ஜார்ஜியாவோடு ஒரே நாளில், ஜூன் 20 அன்று, தேர்தல் நடந்தது. டிரம்ப் 18 புள்ளி அளவில் ஜெயித்த அந்த இடத்தில் ஆர்ச்சி பார்னெல் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் வெறும் 3 புள்ளியில் தோற்றார். அவர் பெயரை அன்று காலை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருந்தோம்? எங்களைவிடக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றவர் அவர். கேமராக்கள் எல்லாம் ஜார்ஜியாவில் நின்றன.

கான்சாஸில் தோற்றபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜார்ஜியாவில் தோற்றபோது எல்லோரும் அழுதார்கள். முடிவுகளைவிட எதிர்பார்ப்புகள்தான் அவ்வளவு வேறாக இருந்தன.

நாம் என்ன எண்ணை மனதில் வைத்துக்கொள்வது? நடைமுறையில் எப்படி?

தேர்தலுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முடிவு வந்த பிறகு யோசித்தால், ஜெயித்தவர்கள் எல்லாவற்றையும் பெரிதாக்குவார்கள், தோற்றவர்கள் எல்லாவற்றையும் சிறிதாக்குவார்கள். மூன்று வரி போதும். இந்த எண்ணுக்கு மேல் வந்தால் தொகுதியே மாறிவிட்டது. இதற்கும் இதற்கும் நடுவில் வந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும், நம் வேலை பலன் தந்திருக்கிறது. இதற்குக் கீழே போனால் நாம் எங்கேயோ தவறு செய்திருக்கிறோம்.

ஜார்ஜியாவில் எங்களிடம் அந்தத் தாள் இல்லை. 50 என்ற ஒரே எண்தான் இருந்தது. அப்புறம் 2018 மார்ச்சில் பென்சில்வேனியாவின் 18-வது தொகுதிக்குத் தேர்தல் வந்தபோதுதான் முதல்முறையாக எழுதி, பால் கணக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். டிரம்ப் சுமார் 20 புள்ளியில் ஜெயித்திருந்த இடம் அது. "46 தாண்டினால் மகிழ்ச்சி" என்று எழுதியிருந்தேன். ஜனநாயகக் கட்சியின் கானர் லாம்ப் ஜெயித்தே விட்டார், 755 வாக்கில். சுமார் 2,29,000 பேர் போட்டதில் 755. அங்கே நின்ற மூன்றாவது கட்சி வேட்பாளர் வாங்கியதே அதைவிட அதிகம்.

பணத்தைக் கொட்டினால் ஜெயிக்க முடியாதா?

ஜார்ஜியா 6-ல் இரண்டு பக்கமும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. அதுவரை நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களிலேயே அதிகம். ஆஸாஃபுக்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி நாடு முழுவதிலிருந்தும் ஐந்தும் பத்துமாக வந்த பணம்.

முதல் பத்து லட்சம் டாலர் நிறைய வேலை செய்யும். வேட்பாளர் யார் என்று ஊருக்குத் தெரிய வைக்கும், அலுவலகம் பிடிக்கும், ஆள் வைக்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு டாலருக்கும் வேலை குறைந்துகொண்டே போகும். ஜூன் மாதம் எங்கள் வீட்டில் டிவியைப் போட்டால் ஒரு விளம்பரம் ஆஸாஃபைத் திட்டும், அடுத்தது ஹேண்டலைத் திட்டும். என் மகன் இரண்டையும் மனப்பாடமாகச் சொல்வான். அந்தக் கட்டத்தில் இன்னொரு விளம்பரம் யார் மனதை மாற்றும்? போதாக்குறைக்கு, வெளியூர்ப் பணம் என்பதையே எதிர்த்தரப்பு ஆயுதமாக்கியது. "இவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆள், நான்சி பெலோசியின் ஆள்" என்ற பிரச்சாரம் கடைசி வரை ஓடியது. பெலோசி அப்போது சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவர்; சான் ஃபிரான்சிஸ்கோ அவருடைய தொகுதி.

எங்கிருந்தோ அனுப்பும் உங்கள் இருபது டாலர் வீண் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாத தொகுதிக்கு, ஆரம்ப வாரங்களில் அனுப்புங்கள். அங்கே அதற்கு மதிப்பு அதிகம்.

கட்சிக்காரர்களே ஒரு நாள் "ஜெயித்துவிடுவோம்", மறுநாள் "கஷ்டம்" என்கிறார்களே?

நன்கொடை கேட்கும் மின்னஞ்சலுக்குப் பரபரப்பு வேண்டும். அதனால் அதில் எப்போதும் சமநிலை, எப்போதும் கடைசி மணி நேரம். நிருபர்களிடம் பேசும்போது பந்தயத்தைச் சிறிதாக்க வேண்டும், தோற்றால் அடி குறைவாக விழட்டும் என்று. வேட்பாளர் தோற்கப் போகிறார் என்று தோன்றினால், பெயர் சொல்லாத "கட்சி வட்டாரங்கள்" பழியை முன்கூட்டியே அவர் தலையில் வைத்துவிடும். பென்சில்வேனியா 18-ல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில், லாம்பை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ரிக் சக்கோனுக்கு அவர் கட்சிக்காரர்களே அதைச் செய்தார்கள்.

இவை எதுவும் உங்களுக்காகச் சொல்லப்படுவது இல்லை. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

தேர்தல் இரவில் எதைப் பார்ப்பது? முதலில் முன்னிலை, பிறகு பின்னடைவு, இதயம் தாங்கவில்லை.

எந்த வகை வாக்கை முதலில் வெளியிடுவார்கள் என்று அன்று மாலையே தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பதற்றம் குறையும்.

ஏப்ரல் 18 இரவு எங்கள் வீட்டு ஹாலில் எட்டுப் பேர், ஒரு லேப்டாப். முன்கூட்டியே போட்ட வாக்குகள்தான் முதலில் வந்தன. அவற்றில் ஆஸாஃப் பாதிக்கு மேலே நல்ல உயரத்தில் இருந்தார். ஒருவர் எழுந்து கைதட்டினார், ஒரு தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அன்றைக்குப் போட்ட வாக்குகள் ஒவ்வொரு சாவடியாக வர, எண் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. 52, 51, 50 புள்ளி சொச்சம். ஃபுல்டன் கவுண்டியில் ஏதோ இயந்திரக் கோளாறால் நீண்ட நேரம் எண் அசையவே இல்லை. என் மகன் பைஜாமாவோடு வந்து, "அம்மா, ஜெயிச்சாச்சா?" என்று கேட்டான். "தெரியலடா கண்ணா, போய்ப் படு" என்றேன். 48-ல் வந்து நின்றபோது கையெட்டியது நழுவிவிட்டது போல இருந்தது. உண்மையில் எதுவும் நழுவவில்லை. 52 என்பது நிஜ எண்ணாக எப்போதுமே இருந்ததில்லை. எண்ணும் வரிசை காட்டிய தோற்றம் அது.

எந்தக் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே போடுகிறார்கள், தபால் வாக்கை எப்போது எண்ணுகிறார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2020-ல் பென்சில்வேனியாவில் தபால் வாக்கு கடைசியாக எண்ணப்பட்டதால் தோற்றம் நேர் எதிராக இருந்தது நினைவிருக்கும். போன தேர்தலில் பார்த்ததை இந்தத் தேர்தலுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

நூலிழை வித்தியாசம் என்றால் அன்றிரவு முடிவே வராது. 2009 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் 20-வது தொகுதியில் இரவு முடியும்போது ஸ்காட் மர்பி 65 வாக்கு முன்னால் இருந்தார். ஜிம் டெடிஸ்கோ தோல்வியை ஒப்புக்கொண்டது ஏப்ரல் 24-ல். மூன்று வாரத்துக்கும் மேல். அதற்கு ஏற்ற மாதிரி லீவு, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.

தோற்க வாய்ப்பு அதிகம் என்று தொண்டர்களிடம் சொன்னால் சோர்ந்து போகமாட்டார்களா?

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஜூன் 20 அன்று பேய் மழை. சில இடங்களில் வெள்ள எச்சரிக்கை. என் கையிலிருந்த முகவரிப் பட்டியல் நனைந்து, மை ஊறி, எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஜான்ஸ் க்ரீக்கில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். பட்டியலில் இருந்தது மருமகளின் பெயர். திறந்தது ஊரிலிருந்து வந்திருந்த மாமியார்.

"எலெக்‌ஷனுக்கா? அவ காலையிலயே போட்டுட்டுத்தான் ஆபீஸ் போனா. நீ உள்ள வாம்மா, இப்படி நனைஞ்சிருக்கியே."

"இல்லம்மா, இன்னும் பதினஞ்சு வீடு இருக்கு."

"இருக்கட்டும், ரெண்டு வாய் காபி குடிச்சிட்டுப் போ. உங்க ஆளு ஜெயிச்சிடுவாரா?"

நான் யோசிக்கவே இல்லை. "கண்டிப்பா ஜெயிச்சிடுவோம்மா" என்றேன். அவர் தலையைத் துவட்ட ஒரு துண்டையும் கொடுத்து, "நல்லது, நல்லது" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது, நானும் அதைத்தான் நம்பினேன். மறுநாள் எங்கள் குழுவில் பாதிப் பேர் பேசவே இல்லை. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று இரண்டு பேர் போய்விட்டார்கள். நல்ல உழைப்பாளிகள். வாரத்துக்கு மூன்று நாள் வேலை முடிந்து நேரே வந்தவர்கள். 23 புள்ளியை மூன்றரையாகக் குறைத்தவர்கள், தாங்கள் எதையும் சாதிக்கவில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போனார்கள். அந்த இரண்டு பேரை எண்ணித்தான் இன்றும் எனக்கு வருத்தம்.

மூன்று வாரம் முன்பே யாராவது எங்களை உட்கார வைத்து இப்படிச் சொல்லியிருக்கலாம்: "இது கஷ்டமான தொகுதி. தோற்பதற்கே கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. ஆனால் கையெட்டும் தூரம்தான். நீங்கள் தட்டும் ஒவ்வொரு கதவும் இந்தத் தேர்தலோடு முடிவதில்லை. அடுத்த நவம்பரில் இதே பட்டியலோடுதான் வருவோம்." இதைக் கேட்டு யாரும் அன்றைக்கு வேலையை விட்டுப் போயிருக்கமாட்டார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். ஜெயிப்பது உறுதி என்று நம்புபவருக்குக் கடைசிப் பதினைந்து வீடு முக்கியமாகத் தெரியாது. தோல்வி உறுதி என்று நம்புபவருக்கும் தெரியாது. எது வேண்டுமானாலும் நடக்கும் என்று அறிந்தவர்தான் மழையில் போவார்.

இந்த ஒரு முடிவை வைத்து நாடு எங்கே போகிறது என்று சொல்லலாமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் ஒவ்வொரு தொகுதியும் தனிப் பானை.

1974 பிப்ரவரியில் ஜெரால்ட் ஃபோர்ட் துணை அதிபராகப் போனதால் காலியான மிச்சிகன் இடத்தை ஜனநாயகக் கட்சி பிடித்தது. வாட்டர்கேட் ஊழல் மீதான கோபம் நவம்பரில் அந்தக் கட்சிக்குப் பெரிய அலையாக அடித்தது. அந்தச் சோறு சரியாகவே பதம் சொன்னது. 2010 மே மாதம் பென்சில்வேனியாவின் 12-வது தொகுதியில் நெருக்கமான போட்டி என்று எல்லோரும் சொல்ல, ஜனநாயகக் கட்சியின் மார்க் கிரிட்ஸ் சுமார் 8 புள்ளியில் ஜெயித்தார். குடியரசுக் கட்சி அலை பொய் என்று பேச்சு எழுந்தது. அதே நவம்பரில் அந்தக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது.

ஒன்றை மட்டும் பார்க்காமல் நாலைந்தைச் சேர்த்து, ஒவ்வொன்றும் தன் பழைய இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2017-ல் கான்சாஸ், மொன்டானா, தென் கரோலினா மூன்றும் ஒரே திசையைக் காட்டின. 2018-ல் சபையே கைமாறியது. ஜார்ஜியாவை மட்டும் பார்த்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு ஓட்டுரிமை இல்லை. எச்-1பி விசா. நான் என்ன செய்யலாம்?

சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்யலாம். பணம் கொடுக்கக் கூடாது. பிரச்சாரத்தை எப்படி நடத்துவது என்று முடிவெடுப்பதிலும் பங்கெடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடையும் தரலாம். குடியுரிமை இல்லாமல் வாக்காளராகப் பதிவு செய்வதையோ ஓட்டுப் போடுவதையோ தெரியாமல்கூடச் செய்துவிடாதீர்கள். நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்குப் போகக்கூடிய குற்றம் அது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் பதிவுப் படிவத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜெயித்துவிட்டால்?

கொண்டாடுங்கள், ஆனால் இடம் சொந்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2011 மே மாதம் நியூயார்க்கின் 26-வது தொகுதியில் கேத்தி ஹோகுல் ஜெயித்தபோது நாடே பேசியது. அடுத்த ஆண்டு எல்லைகள் மாற்றி வரையப்பட்ட தொகுதியில் நூலிழையில் தோற்றார். லாம்ப் ஜெயித்த தொகுதியின் எல்லையை மாநில உச்ச நீதிமன்றம் மாற்றிவிட, அவர் அதே ஆண்டு நவம்பரில் வேறு தொகுதியில் நின்று ஜெயிக்க வேண்டியிருந்தது.

தோற்றுவிட்டால்?

ஒரு வாரம் வருத்தப்படுங்கள். பிறகு பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். யார் கதவைத் திறந்தார், யார் வீடு மாறிவிட்டார், யாருக்குச் சாவடிக்குப் போக வண்டி வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கும் அந்தப் பட்டியல்தான் நீங்கள் சேர்த்த சொத்து.

2018 நவம்பரில் அதே 6-வது தொகுதியில், அதே ஹேண்டலை எதிர்த்து லூசி மெக்பாத் நின்றார். 2012-ல் துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த தாய். கேமராக்கள் இல்லை, 5 கோடி டாலர் இல்லை. அந்த முறை எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று வரியோடு நாலாவதாக ஒரு வரியும் எழுதியிருந்தேன்: "49-க்கும் 51-க்கும் நடுவில் என்றால் இன்று தெரியாது. படுத்துவிடு." இரவு பன்னிரண்டு மணிக்கு எண்ணைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன், விளக்கை அணைத்தேன். முழுதாக எண்ணி முடிக்க இன்னும் ஓரிரு நாள் ஆனது. மெக்பாத் மூவாயிரத்துச் சொச்சம் வாக்கில் ஜெயித்திருந்தார். நான் முதலில் ஃபோன் செய்தது, போய்விட்டார்கள் என்று சொன்னேனே, அந்த இரண்டு பேருக்கு.